ஏற்காட்டுக் காற்றைச் சேலத்தில் அளப்பது எப்படி?

ஏற்காடு போகிறவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, ஈரம் போக உதறி, மலைமேலேயே மூடியை இறுக்கி மூடிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அடிவாரம் வருவதற்குள் பாட்டில் தானாகவே ஒடுங்கிப் போயிருக்கும், ஏனென்றால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, கீழே அதிகம், அந்தக் கூடுதல் அழுத்தம்தான் வெளியிலிருந்து நசுக்குகிறது. வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் உள்காற்று விரிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

சரி, எவ்வளவு சுருங்கியது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சேலம் வந்ததும் பாட்டிலை வாளித் தண்ணீரில் தலைகீழாக முக்கி, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திறங்கள். ஏறக்குறைய 100 மில்லி தண்ணீர் உள்ளே ஏறும். அப்படியே மூடி வெளியே எடுத்து, அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள்.