டொர்னாடோ துரத்தப் போகிறீர்களா? வண்டியை எடுப்பதற்கு முன்னால் படியுங்கள்

டல்லாஸ் பக்கம் வேலைக்கு வந்த நம்ம ஆட்கள் பலரிடம் ஒரு மாற்றத்தைப் பார்க்கலாம். முதல் வருஷம் டொர்னாடோ எனும் சுழற்காற்று வருகிறது என்று சைரன் அடித்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள் ஓடியவர்கள், மூன்று நான்கு வருஷம் போனதும் கேரேஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மேற்கே வானத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். அதற்கு அடுத்த படி, ‘ஒரு தடவை ஒக்லஹோமா வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன?’ இந்த ஆசை உங்களுக்கும் வந்திருந்தால், போகாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: முக்கியமான முடிவுகளை எல்லாம் காலையிலேயே, வீட்டில் காபி குடிக்கும்போதே எடுத்துவிடுங்கள். எவ்வளவு தூரத்தில் நிற்பது, எப்போது திரும்புவது, யார் ‘போதும்’ என்றால் கிளம்புவது, எல்லாமே. சாயங்காலம் ஆறு மணிக்கு, கறுத்த மேகத்தின் அடிப்பாகம் கண்ணெதிரே மெதுவாகச் சுழல ஆரம்பித்த பிறகு, புதுசாக யோசித்து நல்ல முடிவு எடுக்கிற நிலையில் யாரும் இருப்பதில்லை.

முதலில் எப்போது, எங்கே என்று பார்த்துவிடலாம். டெக்சாஸ், ஒக்லஹோமா, கன்சாஸ் சமவெளிக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை, அதிலும் மே மாதம். ஜூன் போகப்போக ஆட்டம் நெப்ராஸ்கா, டகோட்டா பக்கம் வடக்கே நகர்ந்துவிடும். அலபாமா, மிசிசிப்பி பக்கமும் டொர்னாடோ நிறைய வரும், ஆனால் புதியவர்கள் அங்கே போகவே வேண்டாம். மரமும் மேடும் எதையும் பார்க்கவிடாது, புயல்கள் வேகமாக ஓடும், பாதி நேரம் ராத்திரியில் வரும். கன்சாஸில் பத்து மைலுக்கு அப்பால் நடப்பதுகூடத் தெரியும். சாலைகளும் பல இடங்களில் மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்ட மாதிரி ஓடும்.

போவதற்கு முன் ஒரு வகுப்பு. தேசிய வானிலை சேவை நடத்தும் ஸ்கைவார்ன் பயிற்சி இலவசம், இணையத்திலும் நடக்கிறது, ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். எது சுவர் மேகம் (புயலின் அடியில் தாழ்ந்து சுழலும் மேகம்), எது சும்மா தொங்கும் மேகக் கிழிசல் என்று அங்கே சொல்லித்தருவார்கள். புதியவர்கள் எடுத்து அனுப்பும் ‘டொர்னாடோ’ படங்களில் ஏகப்பட்டவை இந்தக் கிழிசல்தான். சுற்றுகிறதா என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சேசிங், அதாவது துரத்தல், போகிற நாள் காலையில் திறக்க வேண்டிய முதல் பக்கம் ஒக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் ஸ்டார்ம் பிரடிக்ஷன் சென்டருடையது. குறைந்ததிலிருந்து அதிகம் வரை மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை என்று ஐந்து படிகளாக அன்றைய அபாயத்தை வரைபடத்தில் போட்டிருப்பார்கள். டொர்னாடோவுக்கு மட்டும் தனி வரைபடமும் உண்டு. அதில் 10 சதவீதம் என்றால், நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து 25 மைலுக்குள் ஒன்று வர அவ்வளவு வாய்ப்பு என்று பொருள். அட, வெறும் பத்தா என்று நினைக்க வேண்டாம், டொர்னாடோ கணக்கில் பத்தே பெரிய எண். கோடை நேரப்படி காலை 11:30க்கு வரும் புதுப்பிப்பையும் கட்டாயம் பாருங்கள், அதற்குள் நிலவரம் ஓரளவு தெளிந்திருக்கும். வரைபடத்தோடு நிறுத்தாமல் கீழே இருக்கும் விளக்கத்தையும் படியுங்கள். முதல் சில தடவை தலையும் புரியாது வாலும் புரியாது, பரவாயில்லை.

அந்த விளக்கத்தில் திரும்பத் திரும்ப வருவது நான்கே விஷயம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரம்: பனிநிலை (டியூ பாயிண்ட், காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 60 டிகிரி பாரன்ஹீட்டாவது இருந்தால் நல்லது. காற்று விறுவிறுவென மேலேறுவதற்கான நிலையின்மை. தரையில் தென்கிழக்கிலிருந்தும் உயரத்தில் மேற்கு, தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று, இந்தத் திருப்பம்தான் புயலைச் சுழல வைக்கிறது. கடைசியாக ஒரு தூண்டுதல், பெரும்பாலும் மேற்கு டெக்சாஸ் பக்கத்து வறண்ட காற்றும் வளைகுடா ஈரக் காற்றும் மோதும் டிரைலைன் என்ற எல்லைக்கோடு. இதற்கெல்லாம் மேலே ‘கேப்’ என்று ஒரு வெதுவெதுப்பான காற்றடுக்கு இட்லிப் பானை மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். அது திறக்கவே இல்லையென்றால் நீலவானத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் ராத்திரி வரை சிப்ஸ் சாப்பிட வேண்டியதுதான். சேசர்கள் இதை ‘பஸ்ட்’ என்பார்கள். உங்களுக்கும் நிறைய நடக்கும்.

ஒன்று கவனியுங்கள், ஹை ரிஸ்க் நாள்தான் முதல் பயணத்துக்கு நல்ல நாள் என்று ஆசைப்படாதீர்கள். அன்றைக்குப் புயல்கள் பெரும்பாலும் மிக வேகமாக ஓடும், ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிளம்பும், சாலையில் கூட்டமும் தாங்காது. மெதுவாக நகரும் ஒற்றைப் புயல் கிடைக்கிற ஸ்லைட் அல்லது என்ஹான்ஸ்டு நாள்தான் கற்றுக்கொள்ள ஏற்றது.

இப்போது நிற்கும் இடம். டொர்னாடோ தரும் சூப்பர்செல் (தானே சுழலும் பெரிய இடிப்புயல்) பொதுவாகக் கிழக்கு அல்லது வடகிழக்கு நோக்கிப் போகும். மழையும் ஆலங்கட்டியும் அதன் வடக்கு, வடகிழக்குப் பக்கம் கொட்டும். டொர்னாடோ இறங்குவது பெரும்பாலும் தென்மேற்குப் பக்கத்து மழையில்லாத கறுத்த அடிப்பாகத்திலிருந்து. ஆகவே புயலுக்குத் தென்கிழக்கே நின்று வடமேற்காகப் பாருங்கள். வண்டியின் முகம் தப்பிக்கும் திசையைப் பார்த்திருக்கட்டும், தெற்கே ஒரு நல்ல தார்ச்சாலை கைவசம் இருக்கட்டும். புதியவர்களுக்கு மூன்று மைலுக்குக் குறையாத தூரம் என்று நான் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வடக்கிலிருந்து வந்து மழைக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். முதலில் ஆலங்கட்டி கண்ணாடியை உடைக்கும், அப்புறம் மழைத்திரை விலகும்போது எதிரே என்ன நிற்கிறது என்று தெரியாது. 2010 ஜூலையில் தெற்கு டகோட்டாவின் விவியனில் விழுந்த ஒரு ஆலங்கட்டி எட்டு அங்குல விட்டம். அந்த அளவுக்குப் போக வேண்டாம், இரண்டு அங்குலமே கண்ணாடிக்குப் போதும்.

போனில் தெரியும் ரேடாரை நம்பி நெருங்குவது இன்னொரு பொறி. அந்தப் படம் எப்போதும் சில நிமிடம் பழையது. மணிக்கு 40 மைல் வேகத்தில் போகும் டொர்னாடோ ஐந்து நிமிடத்தில் மூன்று மைலுக்கு மேல் நகர்ந்திருக்கும், அதாவது நீங்கள் விட்டுவைத்த தூரம் முழுக்க. கிராமப்புறத்தில் சிக்னல் போனால் பழைய படமே அப்படியே நிற்கும், அதைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். படத்தின் மூலையில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். அதைவிட முக்கியம், கண்ணால் வானத்தைப் பாருங்கள்.

சரி, பயத்துக்கு வருவோம். நல்ல புயலுக்கு முன்னால் நிற்கும்போது முதலில் உணர்வது முதுகில் அடிக்கும் வெதுவெதுப்பான ஈரக் காற்று. புல்லெல்லாம் புயல் பக்கமாகச் சாய்ந்திருக்கும், அது ஊரையே உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று உடம்புக்குப் புரியும். வயிற்றுக்குள் ஏதோ புரளும், வாய் வறண்டுபோகும், ஆனால் கண்ணை எடுக்க முடியாது, இன்னும் ஒரு மைல், அந்த மேட்டைத் தாண்டினால் நன்றாகத் தெரியும் என்று உள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டே இருப்பான். அவன்தான் ஆபத்து. வயிற்றைப் புரட்டுகிற பயம் உங்கள் ஆள், அவன் பேச்சைக் கேளுங்கள். ஆனால் பயம் பொதுவாக இருந்தால் பழகிப்போகும், அதனால் அதைக் குறிப்பான விஷயங்களோடு கட்டிவைக்க வேண்டும். மழை மறைத்து டொர்னாடோ கண்ணுக்குத் தெரியாமல் போனால் பின்வாங்குவேன். முதுகில் அடித்த காற்று நின்று, எதிரிலிருந்து குளிர்ந்த காற்று வேகமாக வந்தால் பின்வாங்குவேன். அடுத்த சாலை எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் போக மாட்டேன். டொர்னாடோ இடமோ வலமோ நகராமல் அதே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே போனால், அது நிற்கவில்லை, என்னை நோக்கி வருகிறது, உடனே அதன் பாதைக்குக் குறுக்காக விலகுவேன். இவற்றை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஒட்டுங்கள்.

தனியாகவும் போகாதீர்கள். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் வரைபடமும் ரேடாரும் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் போனைத் தொடக்கூடாது, மேகத்தை அண்ணாந்து பார்க்கவும் கூடாது. இருவரில் யார் ‘போதும்’ என்றாலும் வண்டி திரும்பிவிட வேண்டும், விவாதமே கிடையாது. மனைவி சொன்னாலும் சரி, நேற்றுதான் முதல்முறை ரேடார் பார்த்த தம்பி சொன்னாலும் சரி.

அனுபவம் இருந்தால் இந்த விதிகள் தேவையில்லை என்று நினைப்பவர்கள் எல் ரீனோவைப் பற்றிப் படிக்க வேண்டும். டிம் சமாரஸ் டொர்னாடோக்களைத் துரத்தி ஆராயும் தொழிலில் மிகவும் ஜாக்கிரதையான ஆள் என்று பெயரெடுத்தவர். 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற சிற்றூர் அருகே டொர்னாடோ வரும் வழியில் அவர் வைத்த கருவி, அழுத்தம் 100 மில்லிபார் சரிந்ததைப் பதிவு செய்தது, அதற்கு முன் யாரும் அளந்திராத அளவு. அவரும் அவர் மகன் பாலும் சக ஆய்வாளர் கார்ல் யங்கும் 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவின் எல் ரீனோ அருகே இறந்தார்கள். அந்த டொர்னாடோ முதலில் கிழக்கு, தென்கிழக்காகப் போனது, பிறகு வடகிழக்காகத் திரும்பியது, திரும்பும்போதே வேகமும் எடுத்து 2.6 மைல் அகலத்துக்கு, அதாவது நான்கு கிலோமீட்டருக்கு மேல், விரிந்தது. பதிவானவற்றில் அதுதான் அகலமானது. மழை சுற்றி மறைத்திருந்ததால் பலருக்கு அதன் விளிம்பு எது என்றே தெரியவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவரையும் சேர்த்து அன்றைக்கு நான்கு சேசர்கள் இறந்தார்கள். மூன்று மைல் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்: நீங்கள் ஒரு மைல் தூரத்தில் நிற்கும்போது அது ஒரு மைல் விரிந்தால் கணக்கு முடிந்தது.

அதே சாயங்காலம் ஒக்லஹோமா சிட்டி சுற்றுவட்டார மக்கள் காரை எடுத்துக்கொண்டு தப்பிக்கக் கிளம்பியதில் நெடுஞ்சாலைகள் அப்படியே உறைந்து நின்றன. பதினோரு நாள் முன்னால்தான் பக்கத்து மூர் நகரை ஒரு இ.எஃப்.5 (டொர்னாடோ அளவுகோலில் உச்ச தரம்) அழித்திருந்தது, அந்தப் பயம். ஆகவே பெரிய ஊருக்குப் பக்கத்தில் புயல் வந்தால் துரத்துவதை விட்டுவிடுங்கள். உங்கள் காரும் அந்த நெரிசலில் ஒன்றாகத்தான் நிற்கும். மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாம் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். அந்த இடுக்கில் காற்று இன்னும் வேகமெடுக்கும். 1999 மே 3 அன்று அப்படி ஒதுங்கியவர்களில் மூன்று பேர் இறந்தார்கள்.

இவ்வளவு சொன்னாலும், சேசர்களை அதிகம் பலிவாங்குவது டொர்னாடோ அல்ல, சாலைதான். 2017 மார்ச்சில் மேற்கு டெக்சாஸில் ஸ்பர் அருகே ஒரு சந்திப்பில் இரண்டு வண்டிகள் மோதி மூன்று சேசர்கள் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் ஒக்லஹோமா பல்கலைக்கழக வானிலை மாணவர்கள் மூன்று பேர், கன்சாஸில் டொர்னாடோ பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஈரச் சாலையில் வண்டி வழுக்கி விபத்தில் போனார்கள். பார்த்து முடித்து, ஆர்ப்பாட்டம் அடங்கி, தூக்கம் கண்ணை இழுக்கிற அந்த இரவுப் பயணத்துக்குத்தான் பயப்பட வேண்டும், ஆனால் அதற்கு யாரும் பயப்படுவதில்லை. ஐந்நூறு மைல் ஓட்டிய அன்றைக்கே வீடு திரும்ப வேண்டாம். அருகில் மோட்டலில் படுத்துத் தூங்குங்கள், அந்தக் காசு பயணச் செலவில் ஒரு பகுதி. மழை பெய்த மண்சாலையில் இறங்காதீர்கள், அந்தச் சிவப்புக் களிமண் டயரைப் பிடித்துக்கொண்டால் டொர்னாடோ வரும் வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். ஆறுகளுக்கு எங்கெங்கே பாலம் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள், ரெட் ரிவரில் ஒரு பாலத்தைத் தவறவிட்டால் அடுத்தது வெகுதூரம். இருட்டிவிட்டால் கடையைக் கட்டுங்கள்.

மற்ற ஏற்பாடுகள் சுருக்கமாக. டேங்க் பாதிக்குக் குறைந்தால் நிரப்புங்கள், சின்ன ஊர் பங்க்கில் மின்சாரம் போனால் பம்பும் போச்சு. காகித வரைபடம், வெதர் ரேடியோ, முதலுதவிப் பெட்டி, தண்ணீர், புளியோதரை எதுவானாலும் சரி, கையில் சாப்பாடு. கார் காப்பீட்டில் ஆலங்கட்டிச் சேதத்துக்கு இடம் உண்டா என்று போவதற்கு முன் கேளுங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தை இரண்டு தடவை படியுங்கள். படம் எடுக்க முள்வேலி ஓரமாக முக்காலியை நட்டு நிற்காதீர்கள், மின்னலுக்குக் கம்பிவேலி நல்ல வழி. இடி கேட்டால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்காருங்கள்.

டொர்னாடோ ஒரு வீட்டின் மேல் போவதைப் பார்த்தால் அன்றைய துரத்தல் அங்கே முடிந்தது. 911க்கு இடத்தைச் சொல்லுங்கள், முதலுதவி தெரிந்தால் இறங்குங்கள், தெரியாவிட்டால் ஆம்புலன்சுக்கு வழிவிட்டு ஒதுங்குங்கள், இடிந்த வீட்டு வாசலில் கேமராவோடு நிற்காதீர்கள். வெறும் வயல்வெளியில் ஓடி மறைந்ததென்றால் மனசாரக் கத்திக்கொள்ளுங்கள், எல்லாரும் கத்துவார்கள். அப்புறம் எத்தனை மணிக்கு, எங்கே நின்று, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்ற விவரத்தோடு அந்தப் பகுதி வானிலை அலுவலகத்துக்குப் படத்தை அனுப்புங்கள். மறுநாள் சேதத்தை அளந்து தரம் போட வருகிறவர்களுக்கு அது உதவும்.