‘மான்சூன்’ என்ற சொல்லின் தடம் அறிவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

செட்டிநாட்டில் ஊருணியை நிறைப்பது ஐப்பசி, கார்த்திகை மழை. அதனை அடைமழை, பருவமழை என்று சொல்லும் காரைக்குடியிலேயே கடைகளின் விளம்பரங்களில் ‘மான்சூன்’ என்ற சொல்லும் தென்படுகிறது. அது வந்த வழியைக் கண்டறிய ஒரு நோட்டும் சற்றுப் பொறுமையும் போதும்.

முதற்படி: உறவு வடிவங்களைத் திரட்டுங்கள். அரபியில் மவ்சிம், துருக்கியில் மெவ்சிம், இந்தியில் மௌசம், மலாயில் மூசிம், சுவாகிலியில் ம்சிமு, சிங்களத்தில் மோசம், போர்த்துகீசியத்தில் மொன்சாவ், பிரெஞ்சில் மூசோன். மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய்த் திரும்பியோர் குடும்பங்களில் மலாய் பேசியறிந்த மூத்தவர்கள் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். டுரியான் பழக் காலத்தை அங்கே ‘மூசிம் டுரியான்’ என்பார்கள்.

இரண்டாம் படி: மெய்யெழுத்துகளை மட்டும் பிரித்தெழுதுங்கள். ம, ச, ம என்ற எலும்புக்கூடு கீழை வடிவங்கள் பலவற்றில் அப்படியே நிற்கும். போர்த்துகீசியத்தில் மட்டும் இடையிலும் இறுதியிலும் மூக்கொலி ஏறியிருக்கும். ஆங்கில வடிவத்திலும் அந்த மூக்கொலி இருப்பதால், அது அரபியிலிருந்து நேரே வராமல் போர்த்துகீசியர் வழியாக வந்தது என்பது புலனாகும்.

மூன்றாம் படியே முதன்மையானது: பொருளை வைத்துப் பிரியுங்கள். ஒலி ஒற்றுமை ஏமாற்றக்கூடும் என்பதால், என் கருத்தில் தொடக்கநிலையினர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அரபியில் ‘வஸ்ம்’ என்பது ஒட்டகத்துக்குச் சூடிட்டு வைக்கும் அடையாளம். அதே வேரிலிருந்து பிறந்த மவ்சிம், குறித்து வைக்கப்பட்ட காலம். ஹஜ்ஜுக்குரிய காலமும் மவ்சிம்தான். 15ஆம் நூற்றாண்டின் கடலோடி இப்னு மாஜித் எழுதிய நூலில், துறைமுகத்தைவிட்டுக் கப்பல் கிளம்ப ஏற்ற காலமும் மவ்சிம்தான். மழையோ காற்றோ அச்சொல்லின் மூலப்பொருளில் இல்லை. துருக்கியும் மலாயும் ‘பருவம்’ என்ற பொருளைக் காத்துக்கொண்டன. பாரசீகம் வழியே சென்ற இந்தியில் அது ‘வானிலை’ ஆயிற்று. 1498இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துகீசியருக்கோ பாய்மரத்தைத் தள்ளும் காற்றே முக்கியம். ஆகவே ஐரோப்பிய மொழிகளில் சொல் முதலில் காற்றையும், பின்னர் அக்காற்று கொணரும் மழையையும் குறித்தது. வேடிக்கை என்னவென்றால், 18ஆம் நூற்றாண்டுப் பிரேசிலில் தியெத்தே ஆற்றில் குயாபா என்ற உள்நாட்டு ஊரை நோக்கிக் கிளம்பிய படகுக் கூட்டங்களுக்கும் இதே பெயர் வழங்கியது. கடலே இல்லாத இடத்திலும் பயணத்தோடு கொண்ட தொடர்பு விடவில்லை.

நான்காம் படி: காலத்தைச் சரிபாருங்கள். ஆங்கிலத்தில் இச்சொல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றுகிறது. போர்த்துகீசியர் வருகைக்குப் பின் என்பதால் வரிசை பொருந்துகிறது.

ஐந்தாம் படி: சொல் தமிழுக்கு வந்த வழியை நோட்டில் கோடாக வரையுங்கள். காயல்பட்டினம் போன்ற துறைகளில் அராபிய வணிகர் நெடுங்காலம் பழகியதால் அங்கிருந்து வரையத் தோன்றும். ஆனால் ‘மான்சூன்’ என்ற வடிவத்தில் ஆங்கிலத்தின் ஒலியே இருக்கிறது. பருவம், வாடை, கொண்டல் என்று தமிழில் முன்பே சொற்கள் இருந்தன. எனவே நோட்டில் அரேபியாவிலிருந்து லிஸ்பனுக்கும், அங்கிருந்து லண்டனுக்கும், பிறகே காரைக்குடிக்கும் கோட்டை இழுக்க வேண்டும்.