மீகாங் டெல்டாவில் தனிப்படகில் ஒரு நாள்: போவது எப்படி?

வியட்நாமின் தென்பகுதியில் மீகாங் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் டெல்டாவைக் காணப் போகிறவர்களில் பெரும்பாலோர், ஹோ சி மின் நகரிலிருந்து காலை 8 மணிவாக்கில் கிளம்பும் சுற்றுலாப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். படகில் கால் வைக்கும்போதே வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருந்தது. குறுகிய வாய்க்காலுக்குள் எங்களுக்கு முன்னும் பின்னும் படகுகள் வரிசை கட்டி நின்றன. ஆற்றில் இருந்த நேரத்தைவிடத் தேங்காய் மிட்டாய்க் கடையில் நின்ற நேரமே அதிகம். அடுத்த தடவை தனியாக ஒரு படகை அமர்த்திக்கொண்டு விடியலுக்கு முன்பே கிளம்பியபோது அதே டெல்டா முற்றிலும் வேறாக இருந்தது. தனிப்படகுக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்குக் கிடைக்கும் பெரிய பயன், கிளம்பும் நேரமும் திரும்பும் நேரமும் நம் கையில் இருப்பதுதான். அந்த நேரத்தை எப்படிக் கணித்துக்கொள்வது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கே போவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கம்போடியாவின் புனோம் பென் அருகே மீகாங் இரண்டாகப் பிரிகிறது. வியட்நாமுக்குள் ஒரு கிளைக்குத் தியென் என்றும் மற்றொன்றுக்கு ஹாவ் என்றும் பெயர். தியென் ஆற்றங்கரையில் உள்ள மீ தோ, ஹோ சி மின் நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். காரில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அங்கே ஆற்றின் நடுவே டிராகன், ஒற்றைக்கொம்பன், ஆமை, பீனிக்ஸ் பறவை ஆகியவற்றின் பெயர் தாங்கிய நான்கு திட்டுகள் உள்ளன. எதிர்க்கரையில் தென்னந்தோப்புகளுக்குப் பேர்போன பென் ட்ரே. ஹாவ் ஆற்றங்கரையில் உள்ள கன் தோ ஏறத்தாழ 170 கிலோமீட்டர். மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். காலையில் கிளம்பி மாலையில் ஊர் திரும்பியே ஆகவேண்டும் என்றால் மீ தோவும் பென் ட்ரேயும் போதும். ஆற்றில் படகுகளிலேயே வியாபாரம் நடக்கும் காய் ராங் மிதக்கும் சந்தையைப் பார்க்க விரும்பினால் கன் தோவுக்கு முந்திய நாள் மாலையே போய்த் தங்கிவிடுங்கள். ஹோ சி மின் நகரிலிருந்து நள்ளிரவில் கிளம்பி விடியலில் சந்தைக்குப் போய்ச் சேரலாம் என்று சிலர் திட்டமிடுவார்கள். அப்படிப் போனால், படகில் பாதி நேரம் தூங்கி வழிய நேரும். 2025 ஜூலையில் வியட்நாம் மாகாணங்களை இணைத்ததால் மீ தோ இப்போது டொங் தாப் மாகாணத்திலும், பென் ட்ரே வின் லாங் மாகாணத்திலும் இருக்கின்றன. பழைய முகவரியும் புதிய முகவரியும் மாறிமாறி வந்தால் குழம்ப வேண்டாம்.

அடுத்தது ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றத்தால் ஆற்றுநீர் ஏறி இறங்குவது. சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரங்களில் இந்தச் சொல்லைக் காண முடியாது. ஆனால் டெல்டாவில் படகு ஓட்டுகிறவர்களுக்கு நாளின் போக்கைத் தீர்மானிப்பதே அதுதான். கன் தோ கடலிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உள்ளே இருந்தும், அங்கே ஆறு நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஏறும் நீரை அவ்வூர்க்காரர்கள் நுவொக் லொன் என்றும் வற்றும் நீரை நுவொக் ரோங் என்றும் சொல்வார்கள். பெரிய ஆற்றில் இந்த வேறுபாடு நமக்குப் புலப்படாமல் போகலாம். சிறு வாய்க்காலுக்குள் நுழைந்தால் எல்லாம் அதைப் பொறுத்தே அமைகிறது. நீர் ஏறியிருக்கும்போது நிப்பாப் பனைகளின் மட்டைகள் தலையை உரச, தோட்டத்து வீடுகளின் வாசற்படி வரை படகு போகும். வற்றிவிட்டால் இருபுறமும் ஆளுயரச் சேற்றுக்கரைதான் தெரியும். படகின் அடி தரைதட்டும். எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கோலால் ஊன்றித் தள்ளவேண்டி வரும். ஏற்றத்தின் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால் நேற்று போய்வந்தவர் சொன்ன நேரம் வாரக் கடைசியில் உங்களுக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும். ஆகவே படகை அமர்த்தும்போது நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியது அன்று; "அன்றைக்கு வாய்க்காலில் நீர் எப்போது ஏறும்?" என்பதே. இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்கிறவர் ஆற்றை அறிந்தவர். சந்தைக்கு முதலில் போவதா, வாய்க்காலுக்கு முதலில் போவதா என்பதை அவரே வரிசைப்படுத்தித் தருவார்.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிடும் என்பதால் காலைப் படகுக்கு அது பெரிய தடை இல்லை. ரம்புட்டான், மங்குஸ்தான், டுரியன் ஆகியவை நிறையக் கிடைப்பதும் மே முதல் ஆகஸ்ட் வரைதான். செப்டம்பர் முதல் நவம்பர் வரை டெல்டாவின் மேற்பகுதியில் வெள்ளநீர் வயல்களை மூடி நிற்கும் காலம்; நம் சிற்றகத்தியின் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் பூக்களைப் பறித்துக் குழம்பில் போடுவார்கள். டெட் எனப்படும் சந்திரப் புத்தாண்டுக்கு முந்திய நாள்களில் காய் ராங் சந்தை களைகட்டும்; புத்தாண்டு நாள்களில் வியாபாரிகள் ஊருக்குப் போய்விடுவதால் ஆறு வெறிச்சோடிக் கிடக்கும்.

இனிப் படகு. தனிப்படகு என்று சொல்லிக்கொண்டு முப்பது பேர் அமரும் கூரைப்படகை இரண்டு பேருக்காக அனுப்புகிறவர்களும் உண்டு. அது சிறு வாய்க்காலுக்குள் நுழையாது. நான்கைந்து பேர் வரை என்றால், நீண்ட தண்டின் முனையில் சுழலி பொருத்திய எஞ்சினோடு கூடிய சிறு மரப்படகே சரியானது. அந்த எஞ்சினுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "இறால் வால்". துடுப்புப் போடும் மூன்று பலகைச் சிறுபடகு இன்னும் அழகானது. ஆனால் அரை மணி, ஒரு மணி நேர வாய்க்கால் பயணத்துக்கு மட்டுமே அது பொருந்தும். மீ தோ, பென் ட்ரே பக்கம் பெரிய ஆற்றை எஞ்சின் படகில் கடந்து, திட்டுக்குப் போனபின் துடுப்புப் படகுக்கு மாறுவது வழக்கம்.

கன் தோவில் நின் கியூ படகுத்துறையில் நின்றாலே யாராவது வந்து கேட்பார்கள். தங்கும் விடுதியினர் மூலமாகவும் ஏற்பாடு செய்யலாம். எப்படியானாலும் சிலவற்றை முன்கூட்டியே, முடிந்தால் எழுத்தில், உறுதி செய்துகொள்ளுங்கள்: சொல்லும் விலை ஆளுக்கா, முழுப் படகுக்கா, எத்தனை மணி நேரம், சந்தை மட்டுமா, வாய்க்காலும் சேர்த்தா, வேறு பயணிகளை ஏற்றமாட்டார்களா, லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் உண்டா, குழந்தைக்கு அதற்கேற்ற அளவில் உண்டா. சந்தையை மட்டும் பார்த்துத் திரும்ப மூன்று மணி நேரம் போதும்; வாய்க்காலும் தோட்டமும் சேர்ந்தால் ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். நீளமான பயணத்தையே நான் பரிந்துரைப்பேன். சந்தையைவிட வாய்க்கால்தான் மனத்தில் தங்குகிறது. முழுப் பணத்தையும் முன்பே கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிறிது முன்பணம் கொடுத்துவிட்டு மீதியைக் கரையேறிய பின் கொடுப்பதே முறை. படகு ஓட்டுகிறவர் பெண்ணாக இருந்தால் "சி" என்று அழையுங்கள். அதற்கு அக்கா என்று பொருள்; உறவுமுறை சொல்லி அழைப்பது நம்மைப் போலவே அவர்களுக்கும் இயல்பான மரியாதை.

காய் ராங், நின் கியூ துறையிலிருந்து ஆற்றுவழியே ஏறத்தாழ 6 கிலோமீட்டர். சந்தை சூடுபிடிப்பது காலை 5 மணி முதல் 8 மணி வரை. ஆகவே 5 மணிக்கு முன்பே துறையில் இருங்கள். பெரிய படகுகளின் முன்முனையான அணியத்தில் சிவப்புச் சாயமும் இரண்டு கண்களும் தீட்டியிருப்பார்கள். ஒவ்வொரு படகிலும் நட்டிருக்கும் நீண்ட மூங்கில் கழியைப் பாருங்கள். பூசணி தொங்கினால் அந்தப் படகில் பூசணி விற்கிறார்கள். அன்னாசி தொங்கினால் அன்னாசி. துணி தொங்கினால் அது விற்பனைக்கு இல்லை, காய்வதற்காகப் போட்டது. கூரை வேயும் ஓலை தொங்கினால் அந்தப் படகே விலைக்கு வந்திருக்கிறது என்று பொருள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், வெறும் கூட்டமாகத் தெரிந்தது பெயர்ப்பலகை மாட்டிய கடைத்தெருவாக மாறிவிடும். சிறிது நேரத்தில் ஒரு காப்பிப் படகு நம் படகின் விளிம்பைக் கொக்கியால் பற்றிக்கொண்டு ஒட்டி நிற்கும். அரையடி நீள அலுமினிய வடிகட்டி, கட்டிப்பால், நொறுக்கிய பனிக்கட்டி எல்லாம் எங்களுக்குக் காப்பி தந்த பெண்மணியின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. இரண்டு படகுகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே மிதக்க, ஒரு சொட்டும் சிந்தாமல் அவர் நீட்டிய கோப்பையை நான் இன்னும் மறக்கவில்லை. இந்தச் சந்தை 2016-இல் வியட்நாமின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் சாலைகளும் பாலங்களும் பெருகியதால் வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கரையேறி வருகிறார்கள். நூற்றுக்கணக்கான படகுகளைக் காட்டும் பழைய படங்களை நம்பிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். குறைந்த படகுகள்தான் இருக்கும் என்று தெரிந்து போனால், இருப்பவற்றை நின்று பார்க்கலாம்.

அங்கிருந்து பொங் தியென் பக்கமாக மேலே போனால் வாய்க்கால்கள் தொடங்கும். இப்பகுதியில் பிரெஞ்சு ஆட்சியினர் 1901 முதல் 1903 வரை வெட்டிய சா நோ கால்வாய், டெல்டாவின் உட்பகுதியில் விளையும் நெல்லைப் படகில் ஏற்றிக் கொண்டுவருவதற்கு வழி திறந்தது. அந்தக் காலத்தில் இந்த நெல்வயல்களின் உடைமையாளர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் செட்டிநாட்டு நகரத்தார் முக்கியமானவர்கள். அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் ஹோ சி மின் நகரில் இன்றும் இருக்கிறது. கால்வாயில் போகும்போது இதை நினைத்துக்கொண்டால் அந்த நீர் நமக்குச் சற்று நெருங்கி வரும்.

வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடர்ந்திருக்கும். எங்கள் படகு ஓரிடத்தில் திணறி நின்றது. படகை ஓட்டிய அக்கா பதறவில்லை. எஞ்சினை அணைத்து, நீண்ட தண்டை நீருக்கு மேலே தூக்கி, சுழலியில் சுற்றியிருந்த வேர்க்கொத்தை அரிவாளால் இரண்டு வீச்சில் அறுத்து எறிந்துவிட்டு, மறுபடியும் கயிற்றை இழுத்தார். இத்தகைய தாமதங்களுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள். பிற்பகல் விமானத்தையோ பேருந்தையோ நேரம் நெருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். இடையில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் துடுப்பால் போகச் சொல்லிக் கேளுங்கள். கூட்டமாகப் போகிறவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்கள் முன்கூட்டியே யோசிக்கவேண்டும். டெல்டாவின் பெயர்பெற்ற உணவு யானைக்காது மீன்; முழுதாகப் பொரித்து நிறுத்தி வைப்பார்கள், சதையைப் பிய்த்துக் கீரை, சேமியாவோடு அரிசித்தாளில் சுருட்டிச் சாப்பிடவேண்டும். சந்தையிலேயே கிடைக்கும் ஹூ தியூ என்னும் நூடுல்ஸ் சூப் பன்றி எலும்புச் சாற்றில் செய்வது. சைவர்கள் "அன் சை" என்று சொன்னால் புரியும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் 15-ஆம் நாளிலும் பல வியட்நாமியரே சைவம் உண்பார்கள். ஆனால் மீனை உப்பிட்டு ஊறவைத்து எடுக்கும் மீன்சாற்றை அவர்களில் சிலர் உப்பைப் போலக் கருதுவதால், மீன்சாறும் வேண்டாம் என்பதை வியட்நாமிய மொழியில் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். முந்திய நாளே சொல்லிவிட்டால் தோட்டத்து வீடுகளில் காளானும் டோஃபுவும் வைத்துச் சமைத்துத் தருவார்கள். பம்பளிமாஸ், பலா, வாழை எங்கும் கிடைக்கும்.

மீ தோ பக்கம் போகிறவர்கள் தேன் கடை, தேங்காய் மிட்டாய்ப் பட்டறை, மலைப்பாம்பைத் தோளில் போட்டுப் படம் எடுக்கும் இடம், குதிரை வண்டி ஆகிய எல்லாவற்றிலும் நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை. தேங்காய்ப் பாலை மால்ட்டோடு சேர்த்துக் கிளறி நீளமாக வெட்டுவதை ஒருமுறை பார்க்கலாம். மற்றவற்றை வேண்டாம் என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். பாம்பை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டொன் கா தாய் து என்னும் டெல்டாவின் இசையை 2013-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. யாராவது பாடினால் நின்று கேளுங்கள், பாடியவர்களுக்கு ஏதாவது கொடுங்கள்.

படகில் ஏறி இறங்கும் படிகள் நீர் வற்றும்போது பாசி படிந்து வழுக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால் ஏற்றத்தின்போதே ஏறி இறங்குமாறு நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். வார் கட்டிய செருப்பு, தொப்பி, மெல்லிய மழைக்கோட்டு, கொசுத் தைலம், கைப்பேசிக்கு நீர்புகாத பை ஆகியவை போதும். படகில் கழிப்பறை இருக்காது; எங்கே நிறுத்துவார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

கரையேறியதும் மீதிப் பணத்தை டொங்கில் கொடுங்கள். 20,000 டொங் தாளும் 500,000 டொங் தாளும் இரண்டும் நீலநிறம். விடியற்காலை இருட்டில் காப்பிப் படகுக்குப் பணம் நீட்டும்போது தாளை ஒருமுறை விளக்கொளியில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய தாள்களை முந்திய இரவே மாற்றித் தனியே ஒரு பையில் வைத்துக்கொண்டால், கடைசியில் துடுப்புப் போட்டவருக்குத் தனியாகக் கொடுக்கவேண்டிய தொகையும் அதிலேயே இருக்கும்.