ஆசிரியர் வேலையை விட்டு வேறு துறைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பித்தேன், தேர்வுப் பொறுப்பாளராக இருந்தேன்.’ பள்ளியிலிருந்து வெளியே வருகிறவர்களின் ரெஸ்யூமேயில் இப்படி ஒரு வரி கட்டாயம் இருக்கும். பொய் இல்லை. ஆனால் பள்ளிக்கு வெளியே ஆள் எடுக்கிறவருக்கு இதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. தேர்வுப் பொறுப்பு என்றால் அட்டவணை போடுவது, வினாத்தாள் கசியாமல் பார்த்துக்கொள்வது, கண்காணிப்புக்கு ஆள் பிரிப்பது, காலையில் ஒருவர் திடீரென லீவு சொன்னால் சமாளிப்பது, மதிப்பெண்களைக் கெடுவுக்குள் ஏற்றுவது. இதையெல்லாம் எத்தனை மாணவர்கள், எத்தனை அறைகள் என்ற எண்ணிக்கையோடு எழுதுங்கள். ‘பொறுமைசாலி, குழந்தைகள் மீது அன்பு கொண்டவர்’ என்ற வரியைத் தாராளமாக எடுத்துவிடலாம்.

அடுத்தது சான்றிதழ் மோகம். எந்த வேலை என்று முடிவாகும் முன்பே பணம் கட்டி கோர்ஸில் சேர்ந்துவிடுகிறார்கள். பலர் கண்ணை மூடிக்கொண்டு போய் நிற்கும் இடம் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன், அதாவது நிறுவன ஊழியர்களுக்கான பயிற்சியை வடிவமைப்பது. நல்ல வேலைதான். ஆனால் பாடம் நடத்தத் தெரிந்தால் போதும் என்ற கணக்கு பாதிதான் சரி. பயிற்சி பலன் தந்ததா என்று மதிப்பிட கர்க்பாட்ரிக் என்பவர் வகுத்த நான்கு நிலைகள் இத்துறையில் அடிக்கடி பேசப்படும்: பயிற்சி பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலை செய்யும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. வகுப்பறையில் நாம் பெரும்பாலும் இரண்டாவதோடு நின்றுவிடுகிறோம். சம்பளம் கொடுப்பவருக்கோ கடைசி இரண்டும்தான் முக்கியம். கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன், பத்து நிமிடப் பயிற்சி ஒன்றைச் சொந்தமாகச் செய்து பாருங்கள். பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும், நேர்காணலில் காட்டவும் ஒன்று கையில் இருக்கும்.

சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவதும் தவறு. கோடை விடுமுறை போகும், ஓய்வூதியத்துக்கான பணிக்காலம் இன்னும் சில மாதங்களில் நிறைவடைவதாக இருக்கலாம், ஆண்டின் நடுவில் விலகினால் ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதும் இருக்கிறது. ராஜினாமா கடிதத்துக்கு முன் இதையெல்லாம் படித்துவிடுங்கள்.

அப்புறம், நேர்காணலில் ‘ஏன் விட்டீர்கள்?’ என்று கேட்டால் தலைமையாசிரியரைப் பற்றிப் புலம்ப வேண்டாம். புலம்ப நியாயம் இருக்கும், அது வேறு விஷயம். புதிய வேலையில் எது இழுத்தது என்று இரண்டு வரியில் சொன்னால் போதும். அந்த இரண்டு வரி கிடைக்க, ஏற்கெனவே அந்த வேலையில் இருப்பவரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போங்கள். ஆசிரியர் ஓய்வறை நண்பர்களிடம் மட்டும் கேட்டால் அது கிடைக்காது.