யூகே படிக்க வர்ற நம்ம காரைக்குடி பக்கத்துப் பிள்ளைகளுக்கு: மனசு, மாத்திரை, விசா

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு நம்ம பக்கத்துல இருந்து செப்டம்பருக்கு யூகே வர்ற தம்பி தங்கச்சிகளா, சீப்பு சீடையும் மணகோலமும் ஆத்தாவே பேக் பண்ணிருவாங்க, அதை விடுங்க. ஏடிஹெச்டி (கவனம் நிக்காத, துறுதுறுன்னு இருக்குற பிரச்சினை), ஆட்டிசம், டிப்ரஷன்னு ஏற்கனவே டாக்டர்கிட்ட போறவங்க, இல்ல நமக்கும் இருக்குமோன்னு சந்தேகப்படுறவங்க, பேப்பரைச் சேர்த்து வைங்க.

முக்கியமா சைக்கியாட்ரிஸ்ட் லெட்டர், இங்கிலீஷ்ல, மருந்தோட ஜெனரிக் பேரு, எத்தனை மில்லிகிராம் எல்லாம் போட்டு. ஏடிஹெச்டிக்குக் குடுக்குற மெத்தில்ஃபெனிடேட் இங்க கண்ட்ரோல்ட் டிரக், அதாவது சட்டக் கட்டுப்பாடு உள்ள மருந்து, மூணு மாசத்துக்குக் குறைவா கொண்டு வந்தா லைசென்ஸ் வேணாம், ஆனா லெட்டர் கைப்பையிலயே இருக்கணும். அப்புறம் பெட்டகத்துல கிடக்குற பழைய ரேங்க் கார்டு. சிரிக்காதீங்க, ஏடிஹெச்டி பாக்கும்போது 12 வயசுக்கு முன்னாடியே இருந்துச்சான்னு கேப்பாங்க, "புத்திசாலி, கவனம் பத்தாது"ன்னு மிஸ் எழுதினது அங்கதான் உதவும்.

வந்ததுமே ஜிபில, அதாவது ஏரியா குடும்ப டாக்டர்கிட்ட பதிஞ்சிருங்க, விசாவோட வருஷத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டிட்டுத்தானே வர்றீங்க, டாக்டரைப் பாக்கத் தனியா காசு கிடையாது. ஆனா ஏடிஹெச்டிக்கு வெயிட்டிங் லிஸ்ட் ரொம்ப நீளம், உங்க ஒரு வருஷ மாஸ்டர்ஸே முடிஞ்சிரும், அதனால மதுரையிலயோ திருச்சியிலயோ பாத்துட்டே வாங்க.

அடுத்து யூனிவர்சிட்டியோட டிஸபிலிட்டி ஆபிஸ், போர்டைப் பாத்தே திரும்பி வந்தவங்க உண்டு. பரீட்சைக்கு எக்ஸ்ட்ரா டைம், தனி ரூம், லெக்சர் ரெக்கார்டிங் எல்லாம் அவங்க வழியாத்தான் கிடைக்கும், 2010 ஈக்வாலிட்டி சட்டம் நமக்கும் உண்டு, டிஎஸ்ஏங்கிற, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான கவர்மெண்ட் பணம் மட்டும் கிடையாது. நம்ம ஊர் பயமே வேற, நகரத்தார்ல எந்தக் கோவில் எந்தப் பிரிவுன்னு கேட்டதும் யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சிரும், நாளைக்குக் கல்யாணப் பேச்சுல இது வருமேன்னு. டிஸபிலிட்டி ஆபிஸ்ல, உயிருக்கு ஆபத்துன்னா தவிர உங்க சம்மதம் இல்லாம வீட்டுக்குச் சொல்ல மாட்டாங்க. ஐயா காலத்துல வட்டிக்கடை வேலைக்கு மூணு வருஷக் கணக்குல பர்மா போகலையான்னு யாராச்சும் ஆரம்பிச்சா கண்டுக்காதீங்க, அங்க அவங்க எப்படி இருந்தாங்கன்னு அப்ப ஒருத்தரும் கேக்கல.

ரொம்ப முடியலன்னா சொல்லாம ரூம்ல முடங்கிறாதீங்க, கிளாசுக்கு வராதவங்களை யூனிவர்சிட்டி, விசா பாக்குற ஹோம் ஆபிசுக்குச் சொல்லியாகணும், விசா போறது அதுலதான். படிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க வழி இருக்கு, ஆனா 60 நாளைத் தாண்டினா பொதுவா உங்க விசாவுக்கு யூனிவர்சிட்டி குடுக்குற ஸ்பான்சர்ஷிப் போயிரும், ஊருக்குப் போய்ப் புது விசால வரணும், அதனால இண்டர்நேஷனல் ஆபிஸ்ல கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

ராத்திரில தாங்கலன்னா இங்கிலாந்துல 111 அடிச்சு 2 அழுத்துங்க, உயிருக்கு ஆபத்துன்னா 999. சும்மா யார்கிட்டயாச்சும் கொட்டணும்னா சமாரிட்டன்ஸ் 116 123, ஃப்ரீ. அழுகையில இங்கிலீஷ் வராட்டி 111ல தமிழ்னு சொல்லுங்க, மொழிபெயர்க்க ஆளை லைன்ல எடுப்பாங்க.