பொய்ச்சாட்சிய வழக்கில் விளையாட்டு நட்சத்திரம்: என்ன தண்டனை வரும் என்று கணிப்பது எப்படி?

அமெரிக்காவில் புகழ்பெற்ற வீரர் ஒருவர் மீது பொய்ச்சாட்சியக் குற்றம் சாட்டப்பட்டதும், ஐந்தாண்டு சிறை என்ற செய்தி பரவிவிடுகிறது. அது ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் கூட்டாட்சிச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு மட்டுமே.

முதலில் குற்றப்பத்திரிகையில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் பொய் என்று சொல்லப்பட்டிருக்கிறது என்பதைச் சொல் சொல்லாகப் படியுங்கள். சத்தியப்பிரமாணம் செய்தபின், பொய்யென்று தெரிந்தே, விசாரணைக்கு முக்கியமான விஷயத்தில் கூறியிருந்தால்தான் அது குற்றம். கேட்பவரைத் திசைதிருப்பும் பதிலாக இருந்தாலும், சொன்ன சொற்கள் உண்மையாக இருந்தால் அது பொய்ச்சாட்சியம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1973-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள பேஸ்பால் வீரர் பாரி பாண்ட்ஸின் வழக்கைவிடப் பொருத்தமானது வேறில்லை. வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த பால்கோ என்ற ஆய்வகம் பற்றிய விசாரணைக்காக, 2003 டிசம்பரில் கிராண்ட் ஜூரி (குற்றம்சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) முன் அவர் சாட்சியளித்தபோது, பொய் சொல்லாதவரை அந்தச் சாட்சியம் அவருக்கு எதிராகப் பயன்படாது என்ற சட்டப் பாதுகாப்பு தரப்பட்டிருந்தது. ஊசி போட்டுக்கொள்ளப் பயிற்சியாளர் எதையாவது கொடுத்தாரா என்று கேட்டதற்கு, பிரபலமான தந்தைக்குப் பிள்ளையாக வளர்ந்த கதையைச் சொன்னார். 2011-இல் பொய்ச்சாட்சியக் குற்றச்சாட்டுகள் மூன்றிலும் ஜூரியால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. சுற்றிவளைத்த அந்தப் பதிலுக்காக, நீதிக்கு இடையூறு செய்தார் என்ற ஒரு குற்றம் மட்டும் உறுதியானது. தண்டனை 30 நாள் வீட்டுக்காவல், இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 250 மணி நேரச் சமூக சேவை, 4,000 டாலர் அபராதம். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையும் ரத்து செய்தது. ஆகவே, கீழ் நீதிமன்றத் தீர்ப்போடு கணக்கை முடித்துவிடாதீர்கள்.

அடுத்து, பொய் யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். ஓட்டப்பந்தய வீராங்கனை மரியன் ஜோன்ஸ் பொய் சொன்னது கூட்டாட்சி விசாரணை அதிகாரிகளிடம். அதற்குச் சத்தியப்பிரமாணமே தேவையில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2008-இல் ஆறு மாதச் சிறை கிடைத்தது. ஒப்புக்கொண்டவர் சிறைக்குப் போனார், வழக்காடியவர் தப்பினார் என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

விளையாட்டு அமைப்புகளின் நடவடிக்கையைத் தனியாகக் கணக்கிடுங்கள். சிட்னி ஒலிம்பிக்கில் ஜோன்ஸ் வென்ற ஐந்து பதக்கங்களும் பறிபோயின. காரணம் ஊக்கமருந்து, பொய் அன்று. பேஸ்பால் பந்துவீச்சாளர் ராஜர் கிளெமென்ஸ் 2012-இல் தன்மீதான பொய்ச்சாட்சிய வழக்கின் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுதலையானார். ஆனாலும் 2022-இல் முடிந்த பத்தாண்டு வாக்கெடுப்பில், பேஸ்பால் புகழரங்கத்துக்கு அவரைப் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.