கைப்பிரதியைப் பதிப்பகத்துக்கு அனுப்புவது எப்படி? குமரி மாவட்டத்துப் புது எழுத்தாளருக்கு

என் முதல் நாவலை முடித்த வாரமே குழித்துறையில் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, ஐந்து பதிப்பகங்களுக்கு ஒரே கடிதத்தோடு கூரியரில் அனுப்பினேன். ஒரு பதிலும் வரவில்லை. பிறகு விசாரித்தால், அந்த ஐந்தில் ஒன்று பக்தி நூலும் சமையல் குறிப்பும் மட்டுமே போடுகிற இடம். அவர்களுக்கு நாம், கூப்பிடாமலே வந்து நிற்கிற விருந்தாளி. எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

முதலில், ஆறப்போடுங்கள்

ஒரு மாதம் கைப்பிரதியைத் திறக்காதீர்கள். அப்புறம் சத்தமாக வாசித்துத் திருத்துங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் வாசிப்பவரும் தடுக்கி விழுவார்.

யாருக்கு அனுப்புவது?

உங்கள் அலமாரியில் பிடித்த பத்து நாவல்களை எடுத்து, யார் வெளியிட்டார்கள் என்று உள்பக்கத்தைப் பாருங்கள். பட்டியல் அங்கேயே தொடங்கிவிடும். அந்தப் பதிப்பகங்களின் விலைப்பட்டியலை வாங்கி, கடைசி இரண்டு மூன்று வருடங்களில் புது ஆட்களின் புத்தகம் எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னை புத்தகக் காட்சிக்குப் போனால் எல்லா அரங்குகளையும் ஒரே இடத்தில் மேயலாம். ஆனால் பில் போடுகிற நெரிசலில் கைப்பிரதியை நீட்டாதீர்கள்.

நாகர்கோவிலிலேயே காலச்சுவடு பதிப்பகம் இருக்கிறது, பைக்கை எடுத்தால் கொடுத்துவிட்டு வந்துவிடலாமே என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தோன்றும். எந்தப் பதிப்பகமானாலும் சரி, போனிலோ மின்னஞ்சலிலோ கேட்டுவிட்டு அனுப்புவதே மரியாதை. 'இப்போது கைப்பிரதிகள் பார்க்கிறீர்களா, முழுதாக அனுப்பவா, சில அத்தியாயங்கள் போதுமா?' இந்த இரண்டு கேள்வி போதும்.

நமக்காகப் பதிப்பகத்தோடு பேசித் தருகிற ஏஜென்ட் வேண்டுமா? தமிழில் எழுதித் தமிழில் வெளியிட அந்த வழக்கம் கிட்டத்தட்ட இல்லை. எழுதியவரே நேரடியாகப் பேசுவதுதான். ஆங்கில மொழிபெயர்ப்பு, வெளிநாட்டு உரிமை என்று வரும்போது ஏஜென்ட் உதவுவார். அவருடைய கூலி, உங்களுக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு. படித்துப் பார்க்கவே காசு கேட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஃபைல்

யூனிகோடில் ஒரே வேர்ட் ஃபைல். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தால் மாற்றிவிட்டு, ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். பக்க எண் போடுங்கள். முதல் பக்கத்தில் பெயர், போன், மின்னஞ்சல், மொத்தச் சொற்கள். அச்சுப் பிரதி கேட்டால் மட்டும் ஸ்பீட் போஸ்ட், அதுவும் பாலிதீன் உறைக்குள். ஆனி மழையும் ஐப்பசி மழையும் பெய்கிற ஊர் நம்முடையது.

கடிதம்

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 'தமிழில் இதுவரை யாரும் எழுதாத கதை' என்று தொடங்கினால், எதிரே இருப்பவர் அதை அன்றைக்கு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பார். இப்படி எழுதிப் பாருங்கள்:

'வணக்கம். என் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். முழு நாவல் 48,000 சொற்கள். அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒரு பெண், மழையால் வெட்டு நின்றுபோன நாட்களில் தம்பி வாங்கிய கடனை அடைக்கப் படும் பாடுதான் கதை. இது எங்கும் வெளியானதில்லை. வேறு ஒரு பதிப்பகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். நான் மார்த்தாண்டத்தில் வசிக்கிறேன். இது என் முதல் நாவல்.'

அவ்வளவுதான். ஊர், வேலை, சிக்கல் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன.

அனுப்பிய பிறகு

ஒரு நோட்டில் தேதி, பதிப்பகம், எதை அனுப்பினேன், என்ன பதில் என்று எழுதி வையுங்கள். நான் மூன்று மாதம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புவேன். வாட்ஸப்பில் தினமும் காலை வணக்கம் போட்டு நினைவூட்டுவது ஆகாது.

ஏற்றுக்கொண்டால்

'அச்சுச் செலவில் பாதி நீங்கள் போடுங்கள்' என்றால் அது சொந்தப் பதிப்பு. தப்பில்லை, ஆனால் கணக்கு வேறு. எழுதியவருக்கு வரும் பங்கான ராயல்டி, வழக்கமாக விலையில் 10 சதவீதம்: 250 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் 7,500 ரூபாய். வேலையை விடலாமா என்று யோசிப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

ஒப்பந்தத்தில் எத்தனை வருடம், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு என்று பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். அதற்காகக் காலியாக விட்டுவிடாதீர்கள், எழுதி வாங்குங்கள்.

நம் பேச்சு

நம் மாவட்டத்துக்காரர்களுக்கென்று தனியாக ஒரு வேலை உண்டு. எனக்கு மெய்ப்பு (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் படி) வந்தபோது 'சக்கை தின்னக் கூப்பிட்டாள்' என்ற வரி 'பலாப்பழம் தின்னக் கூப்பிட்டாள்' என்று ஆகியிருந்தது. திருத்தியவர்மேல் குற்றமில்லை, அவர் ஊரில் சக்கை என்றால் பிழிந்து எறிவது. 'அக்கானி'யும் பதநீராகியிருந்தது. ஒரு கிழவி பனைமூட்டில் நின்று பதநீர் கேட்கிறாள், பாடப்புத்தகம் மாதிரி.

ஆகவே கைப்பிரதியோடு ஒரு தாளும் வையுங்கள். சக்கை, அக்கானி, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), விளை (தோப்பு) என்று முப்பது சொற்கள், பக்கத்திலேயே பொருள். 'வாறான்' என்று ஒரு இடத்தில் எழுதினால் எல்லா இடத்திலும் அப்படியே இருக்கட்டும். பாதியில் 'வாரான்' என்று மாறினால், எது வழக்கு எது பிழை என்று திருத்துபவருக்கு எப்படித் தெரியும்? 'உரையாடலில் வட்டார வழக்கை மாற்ற வேண்டாம்' என்று தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

நான் இப்போது எழுதித்தான் அனுப்புகிறேன். ஆனாலும் மெய்ப்பு கைக்கு வந்ததும் முதலில் தேடுவது 'பலா' என்ற சொல்லைத்தான்.